வயிற்று வலிக்கு ஒரு வாய்தா

பிறர் இறந்தால் மட்டுமே பிழைக்கின்ற ஓர் இனம் மாந்தருக்குள் உண்டு, வாசகரே. பிணந்தின்னிக் கழுகு என்று எண்ணிவிடாதீர்கள். கழுகு பாவம், தின்று முடித்ததும் பறந்துவிடும். இங்கே பேசப்படுபவர் இரங்கல் கூட்டப் பேச்சாளர். இவர் பறக்கமாட்டார். மைக்கை விடவே மாட்டார்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். சாவுச் செய்தி காதில் விழுந்த உடனே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிவிட்டு, கண்ணாடி முன் நின்று தொண்டை எவ்வளவு தழுதழுக்கிறது என்று ஒத்திகை பார்த்து, எல்லாருக்கும் முன்னதாக மண்டபத்துக்குப் போய், படத்துக்குப் பூ வைக்கும்போது படத்தைப் பாராமல் புகைப்படக்காரரைப் பார்த்து, மேடையேறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் கழற்றி, "அன்னாரை நினைக்கும்போது எனக்கு..." என்று தொடங்குவார். அத்தோடு அன்னாரின் வேலை தீர்ந்தது. பண்டைப் புலவன் புரவலனை இழந்து கையறுநிலை பாடியபோது தன்னை மறந்தான். இவர் இறந்தவரை மறந்துவிடுவார். இரண்டும் மறதிதானே?

சிறுநகர நீதிமன்றம் ஒன்றில் இப்படி ஒரு வக்கீலுக்கு அஞ்சலியார் என்று பட்டப்பெயர். ஒரு நாள் அவரிடம் சிக்கியவர், அதே நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் வழக்காடி, அதைவிட மிகுதியாக மலையேறி, அண்மையில் காலமான மற்றொரு வக்கீல்.

அந்த வக்கீலின் பெருமையை முற்றும் அறிந்தவர் அவருடைய குமாஸ்தா ஒருவரே. கறுப்பு அங்கியின் ஓரத்தில் ஒட்டிய நாயுருவி முள்ளைப் பிடுங்கியவர் அவர். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பக்க அடையாளமாக வைத்த உலர்ந்த இலை உதிர்வதைக் கண்டவர் அவர். வானம் தெளிந்த காலைகளில் ஐயா தூண்டிலோடு ஏரிக்கோ கைத்தடியோடு மலைக்கோ கிளம்பிவிட, வழக்கைத் தள்ளிவைக்கும்படி "கடும் வயிற்று வலி காரணமாக" என்று வாய்தா மனு எழுதி எழுதிக் கை தேய்ந்தவரும் அவரே. மழைக்காலத்தில் மட்டும் ஐயாவுக்கு வயிறு வலித்ததே இல்லை. மருத்துவ நூல்கள் காணாத நோய் அது.

சோம்பேறி என்றா நினைத்தீர்கள்? கட்சிக்காரர்களையும் மலைக்கு இழுத்துப் போவார். பொய் சொல்ல மூச்சு வேண்டும், பாதி மலையில் அது தீர்ந்துவிடும் என்பது அவர் கண்ட சட்ட நுணுக்கம். ஒரு சுவருக்காகப் பதினோராண்டு வழக்காடிய அண்ணனும் தம்பியும் அவரோடு ஏறினார்கள். இறங்கும்போது முழங்கால் நடுங்கியதால் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் வழக்கு வாபஸ்.

சாகுமுன் அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றே. "என்னைப் பத்தி யாரும் ரொம்பப் பேச வேண்டாம். எல்லாரையும் மலைமேல அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போய், சூரியன் இறங்குறதை ஒரு தடவை காட்டு. கோர்ட்டுக்குப் பின்னாடியே இருக்கு, நம்ம வக்கீலுங்க ஒருத்தரும் பார்த்ததில்லை."

ஆகவே ஐந்து மணிக்குக் கூட்டம், ஐந்தரைக்கு மலை என்று அழைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். அஞ்சலியார் ஐந்தே காலுக்கு மைக்கைப் பிடித்தார். ஐந்தரை ஆயிற்று. அதுவும் கடந்தது.

"அன்னாரை முதன்முதலில் இந்த மலைக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவனே நான்தான்!" என்று முழங்கினார்.

குமாஸ்தா ஜன்னலைப் பார்த்தார். வெயில் எதிர்ச்சுவரின் மேற்பாதிக்கு ஏறிவிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த வக்கீலின் மனைவி மெல்லக் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் பேசுவாரு, குமாஸ்தா சார்?"

"இப்பதாம்மா தன்னோட பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்காரு. இன்னும் காலேஜ் இருக்கு, கல்யாணம் இருக்கு."

"ஏறவே அரை மணி ஆகும். நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான் சார்."

குமாஸ்தா "நேரமாகிறது" என்று துண்டுச்சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். அஞ்சலியார் அதை வாங்கிப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேலும் பேசுமாறு அன்புக் கட்டளை வந்திருக்கிறது" என்றார்.

தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆழ்ந்த துயரத்திலோ, அதைவிட ஆழ்ந்த வேறொன்றிலோ கண்மூடி இருந்தார். குமாஸ்தா எழுந்தார். எழுதித் தருவதே அவர் தொழில். நீதிபதி முன் வாய் திறக்கும் உரிமை அவருக்கு என்றும் இருந்ததில்லை. ஆனாலும் குரல் எப்படியோ வந்துவிட்டது.

"ஐயா, வாய்தா வேணுங்க!"

அந்தச் சொல்லுக்கு நீதிபதியின் கண்கள் தாமே திறந்தன. "காரணம்?"

"கடும் வயித்து வலிங்க."

"யாருக்கு?"

குமாஸ்தா படத்தைக் காட்டினார். "எங்க ஐயாவுக்குத்தாங்க. வானம் தெளிவா இருக்குதுங்க."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார். "இந்த வயித்து வலியை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும்யா. ஒரு தடவையாவது மறுத்திருக்கேனா? தந்தாச்சு. மீதி விசாரணை பாறையில."

முதலில் வாசலைத் தாண்டியவர் வக்கீலின் மனைவி. கடைசியாக வந்தவர் அஞ்சலியார். கேட்பதற்கு ஆளில்லாத மண்டபத்தில் அவருக்கு என்ன வேலை?

வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் ஏறினார். நூறு படிக்குப் பின் வாக்கியங்கள் சுருங்கின. இருநூறில் சொற்களாயின. பாதி மலையில் ஒரு கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். வக்கீலின் மனைவி திரும்பிப் பார்த்தார்.

"ஏதோ சொல்லிட்டு வந்தீங்களே, சொல்லுங்க."

"அம்மா... எத்தனையோ தடவை... கூப்பிட்டாரு. நான்... ஒரு நாளும்... வந்ததில்லைம்மா."

அன்றைய அஞ்சலி அதுதான். எட்டே சொல்.

"இன்னைக்கு வந்துட்டீங்கள்ல? எந்திரிங்க, வெயில் போகுது" என்று அவர் கை கொடுத்தார்.

பாறையை அடைந்தபோது சூரியன் ஏரியின் விளிம்பில் பாதி நின்றது. அத்தனை வக்கீல்கள் கூடிய இடத்தில் ஒருவரும் பேசவில்லை. மூச்சு இருந்தால்தானே?

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. அடுத்த முறை ஒரு துக்க வீட்டில், "போன வாரம்கூட என்கிட்டதான் பேசிக்கிட்டிருந்தாரு" என்று உங்கள் நா எழும்போது, அவசரப்படாதீர்கள். பக்கத்தில் மாடிப்படி இருந்தால் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். அதன் பிறகும் சொல்ல ஏதேனும் மிச்சம் இருந்தால், அதை மட்டும் சொல்லுங்கள்.