மகாராணி முகம் கொடுக்கவில்லை

உடும்புக்காரர் தகர டப்பாவின் மூடியை மூன்றாவது முறையாகத் தட்டினார். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு வருஷமாக அந்த மூடிச் சத்தம் ஒன்று போதும். பாறைக்குப் பின்னால் எங்கே படுத்திருந்தாலும், வாலை இழுத்துக்கொண்டு அசைந்து அசைந்து வந்து அவர் காலடியில் நிற்பாள். அந்த உயிரியல் பூங்காவின் ஊர்வனப் பகுதியில் பாம்பு, ஆமை, முதலை என்று எத்தனையோ இருந்தன. அவர்தான் எல்லாவற்றுக்கும் தீனி போட்டார். இருந்தாலும் அவரை யாரும் ஆமைக்காரர் என்று கூப்பிட்டதில்லை. உடும்புக்காரர்தான். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

நெஞ்சுவலி என்று மூன்று வாரம் வீட்டில் படுத்திருந்துவிட்டு இன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"என்னம்மா, கோபமா? டாக்டர் விடல. இல்லன்னா வராம இருப்பேனா?" என்று குழைந்தார்.

மகாராணி பிளந்த நாக்கை நீட்டிக் காற்றை ஒரு துழாவு துழாவினாள். பிறகு அவரை ஏதோ விளக்குக்கம்பம் மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

அப்போது பின்கதவு திறந்தது. அவர் இல்லாத நேரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதியவன் உள்ளே வந்தான். ஒல்லி உடம்பு, சிரித்த முகம். உதட்டைக் குவித்து மெல்ல விசிலடித்தான். மகாராணி ஓடினாள். எட்டு வருஷத்தில் அவள் நடந்துதான் அவர் பார்த்திருக்கிறார்.

"வாங்கண்ணே, உடம்பு தேவலையா?" என்றான் புதியவன், அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே. "நீங்க சிரமப்படாதீங்க. எனக்கு இதோட நல்லாப் பழக்கம்."

மூணு வாரத்தில் நல்லாப் பழக்கமாம்! உடும்புக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. டப்பாவை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள்.

"என்ன, உங்க மகாராணி இளைச்சுட்டாளா?"

"இளைக்கிறதாவது! நல்லாப் பூசினாப்புல இருக்கா. நான் அங்க இல்லாதப்ப அவளுக்கு எப்படித்தான் சோறு இறங்குச்சோ."

"நானும்தான் மூணு வாரமா கூடவே இருந்து மாத்திரை எடுத்துக் குடுத்தேன். நான் இளைச்சேனா, பூசினேனான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உடும்புக்காரர் சோற்றைப் பிசைந்தார்.

"அதுக்கு நாக்கு ரெண்டாப் பிளந்திருக்கு. எனக்கு இருக்கிறது ஒண்ணு. அதான் நான் பேசறது உங்க காதுல ஏறவே மாட்டேங்குது" என்றாள் அவள்.

அதுவும் ஏறவில்லை. அவர் மனசு குளிர்பெட்டிக்குள் இருந்த முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு முட்டைகளையும் துண்டில் சுற்றி எடுத்துப்போய், மகாராணியின் பாறைமேல் வரிசையாக வைத்துவிட்டு மறைந்து நின்றார். அவள் வந்தாள். ஆறையும் விழுங்கினாள். 'பழசை மறக்கல' என்று அவர் கண் கலங்கக் கொஞ்சம் நேரம்தான் கிடைத்தது. மத்தியானத்துக்குள் அவள் வயிறு உப்பி மரக்கட்டை மாதிரி கிடந்தாள். பூங்காவின் மிருக வைத்தியர் ஓடி வந்தார். புதியவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று வருடிக் கொடுத்தான்.

"யாரு இத்தனை முட்டை போட்டது?" என்று கத்தினார் வைத்தியர்.

உடும்புக்காரர் முதலைக் குளத்தை உற்றுப் பார்த்தார்.

"இனிமே இதுக்கு ஒரே ஆள்தான் தீனி போடணும்" என்று புதியவனைக் காட்டினார் வைத்தியர். "வேற யாரும் கூண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

கூண்டுச் சாவி கைமாறியது.

அன்றிலிருந்து உடும்புக்காரருக்குக் கம்பிக்கு வெளியேதான் இடம். அங்கே ஒரு பலகை தொங்கியது. 'உடும்பு. ஆங்கிலத்தில் மானிட்டர். முதலை வருவதை இது எச்சரிக்கும் என்ற பழைய நம்பிக்கையால் வந்த பெயர் என்பார்கள்.' அதை எழுதச் சொன்னதே அவர்தான். 'முதலை வந்தா சொல்லுவியே, இப்படி ஒருத்தன் வரப்போறான்னு ஒரு வார்த்தை சொன்னியா?' என்று மனசுக்குள் பொருமினார்.

பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அவருக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரு வாரம் அவர் வகுப்புக்கு மானிட்டராக இருந்தார். வாத்தியார் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைக் குறித்து வைக்கிற வேலை. வகுப்பு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த வாத்தியார் பெயரையும் சேர்த்து எழுதியதால்தான் பதவி பறிபோனது. அந்தத் திறமை இன்னும் கையில் இருக்கிறதே! ஒரு நோட்டு வாங்கினார். புதியவன் செய்கிற தப்பையெல்லாம் நிமிஷம் தவறாமல் எழுதினார்.

'11.00: உடும்போடு பேசினான். 11.10: மறுபடியும் பேசினான். 11.25: நகத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். 1.00: சாப்பாட்டு மணி அடித்தும் கூண்டை விட்டு வரவில்லை. 4.00: பாட்டுப் பாடினான். சுருதி சேரவில்லை.'

பத்து நாள் எழுதி, கண்காணிப்பாளர் அம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். படிக்கப் படிக்க அவள் முகம் இளகியது.

"இப்படி ஒரு தங்கமான ஆளா! சாப்பாட்டு நேரத்துலகூட கூண்டை விட்டு வரலையா? நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இல்ல மேடம், நான் எழுதினது..."

"உங்க இடத்துல வேற யாராவது இருந்தா பொறாமைப்படுவாங்க. உங்களுக்குப் பெரிய மனசு."

உடும்புக்காரர் நோட்டைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார்.

"அப்புறம், அந்த உடும்பு விஷயமா உங்ககிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும்னு நானே..."

"மேடம்!" பெரிய மனசு என்று கேட்ட எரிச்சலில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. "உடும்பைப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. அது உடம்புல ஒரு செதில் மாறினாலும் எனக்குத் தெரியும்."

"அதுவும் சரிதான். உங்களுக்குத் தெரியாததா" என்று அந்த அம்மா நோட்டை மூடினாள். "இவ்வளவு கூர்மையான கண்ணை வச்சுக்கிட்டு நீங்க தீனிக் கூடை தூக்கக் கூடாது. நாளையிலேருந்து கேமரா அறைக்குப் போயிடுங்க. உட்கார்ந்த வேலை. உங்க நெஞ்சுக்கும் நல்லது."

அந்த வாரமே ஊர்வனப் பகுதி வாசலில் 'இந்த மாதச் சிறந்த ஊழியர்' என்று புதியவன் படம் ஏறியது. படத்தில் அவன் தோள்மேல் மகாராணி. உடும்புக்காரர் தோளில் அவள் ஒருநாளும் ஏறினதில்லை.

கேமரா அறை என்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பெரிய மானிட்டர். திரையில் பதினாறு கட்டம். குரங்கு, மயில், நுழைவாசல், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் தெரியும். எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் அது மட்டும் பெரிதாகும் என்று உடும்புக்காரர் அரை மணியில் கண்டுபிடித்தார். அதன்பிறகு மற்றப் பதினைந்துக்கும் அவர் கண்ணில் இடமில்லை. பதினோரு மணிக்கு ஒரு தீனி, நாலு மணிக்கு ஒரு தீனி. புதியவன் இறைச்சித் துண்டை நீட்டுவான். மகாராணி அவன் முழங்காலில் முன்காலை ஊன்றி எட்டி வாங்குவாள். கம்பிக்கு வெளியே நின்றபோதாவது யாராவது குறுக்கே வந்து மறைப்பார்கள். இங்கே மறைக்க யாருமில்லை. திரை நிறைய அவர்கள் இரண்டு பேரும்தான்.

மூன்றாம் நாள் ஒரு குரங்கு ஒரு அம்மாவின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மரம் ஏறி, சீப்பு, கண்ணாடி, வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாக வீசிற்று. பூங்காவே கூடிவிட்டது. கேமரா அறைக்கு மட்டும் தெரியாது.

நாலாம் நாள் நெஞ்சு படபடத்தது. மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மார்பில் ஐந்து வயரை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்.

"ஒரு நாள் முழுக்க உங்க இதயத் துடிப்பைப் பதிவு பண்ணும். இதுக்குப் பேரு ஹார்ட் மானிட்டர்."

"இதுவுமா?" என்றார் உடும்புக்காரர் பரிதாபமாக. ஒரே பேரில் எத்தனை பேர்தான் தன் உயிரை வாங்குவது?

மறுநாள் டாக்டர் பதிவுத் தாளை விரித்தார்.

"ராத்திரி ஒழுங்கா இருக்கு. பதினோரு மணிக்கு மலை ஏறின மாதிரி துடிச்சிருக்கு. நாலு மணிக்கு மறுபடியும். அப்ப என்ன பண்றீங்க?"

"உடும்புக்குத் தீனி போடற நேரம் டாக்டர்."

"ஓடி ஆடிப் போடறீங்களா?"

"நான் போடலையே" என்றார். "அதான் பிரச்சினை."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். "என்னைப் பார்த்து ஒரு நாள்கூட இப்படித் துடிச்சதில்ல டாக்டர்" என்றாள் அவள். பெட்டியை இன்னும் இரண்டு நாள் கட்டியிருக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அன்று சாயங்காலம் உடும்புக்காரருக்குத் திடீரென்று புத்தியில் தட்டியது. உடும்பு நாக்கால்தானே மோப்பம் பிடிக்கிறது? மூன்று வாரம் மருந்து வாடையோடு படுத்திருந்ததில் தன் வாசனை மாறியிருக்கும். அவளுக்கு இப்போது பழகினது புதியவன் வாசனை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அருகில் போனால், கிட்டே வந்து முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டால் போதும். எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

அடுத்த நாள் பத்தேமுக்கால் மணிக்குப் புதியவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதலைக் குளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உடும்புக்காரர் சட்டையை எடுத்தார். சட்டைப் பையில் கூண்டுச் சாவியும் இருந்தது.

"அண்ணே, அது உங்க சட்டை இல்லையே" என்றாள், அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா.

"எல்லாம் ஒரே சீருடைதான். நீ பெருக்கு."

ஒல்லி ஆள் சட்டை. பொத்தான் நெஞ்சுக்குக் கீழே போடவே வரவில்லை. அப்படியே கூண்டுக்குள் நுழைந்தார்.

மகாராணி தலையைத் தூக்கினாள். நாக்கை நீட்டினாள். வந்தாள்! ஓடி வந்தாள்! காலில் ஏறி, இடுப்பில் ஏறி, நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். உடும்புக்காரருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வந்துட்டியாடி என் ராசாத்தி" என்றார்.

குரலைக் கேட்டதும் அவள் உடம்பு விறைத்தது. அப்போதுதான் உடும்புப் பிடி என்றால் என்ன என்று, அத்தனை வருஷ அனுபவத்தில் முதல்தடவையாக, அவருக்குப் புரிந்தது. இருபது நகமும் இறங்கிவிட்டன. நாலு வயர் பிய்ந்தது. ஐந்தாவதை அவள் வாயில் கவ்விக்கொண்டாள். அவர் இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. கம்பிக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டம் கட்டிக் கைதட்டினார்கள். பனியனோடு ஓடி வந்த புதியவன் ஒரு விசில் அடித்தான். அவரை விட்டுக் குதித்து, அவள் அவன் காலடியில் போய் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, மார்பு நிறையக் கட்டோடு, உடும்புக்காரர் கண்காணிப்பாளர் அம்மாவின் அறையில் நின்றார். புதியவனும் வந்திருந்தான். மேஜைமேல் இருந்த திரையை அந்த அம்மா அவர் பக்கம் திருப்பினாள். சட்டை திருடியதிலிருந்து விசில் வரை எல்லாம் அதில் ஓடியது.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

இதற்குமேல் மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை.

"பொறாமை மேடம்" என்றார். "சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. எட்டு வருஷம். ஒரு சாண் நீளத்துல வந்தா. அவளுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் நான் இங்கேயே படுத்திருக்கேன். என் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவா. மூணு வாரம் நான் இல்ல. மூணே வாரம்! அதுக்குள்ள இவன் யாரு, நான் யாருன்னு ஆயிடுச்சு. மறந்துட்டா மேடம். என் குரல் கேட்டதும் பயந்துட்டா." துண்டால் கண்ணைத் துடைத்தார். "இவன்மேல தப்பில்ல. நல்லாத்தான் பாத்துக்கறான். ஆனா என்னால இதைப் பாத்துக்கிட்டு இங்க இருக்க முடியாது. வேற எங்கயாவது என்னை மாத்திடுங்க. இல்லன்னா வேலையை விட்டுடறேன்."

கண்காணிப்பாளர் அம்மா புதியவனைப் பார்த்தாள். புதியவன் அவளைப் பார்த்தான். காலித் தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த துப்புரவு அக்காதான் கடைசியில் சொன்னாள்:

"என்னண்ணே நீங்க, இது இவரு பழைய பூங்காவுலேருந்து கூடவே கூட்டிட்டு வந்த ஆண் உடும்பு, இதுக்குப் பதிலா அங்க போன உங்க மகாராணி யாரு கையிலயும் வாங்கித் தின்னாம வாசலையே பாத்துக்கிட்டிருக்காம், நேத்துகூட போன் வந்துச்சு!"