ராகு காலத்து ரிகர்சல்

வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. நாம் காட்டுவதைத்தான் உலகம் பார்க்கும், வெட்டியதும் ஒட்டியதும் எவனுக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு. எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. மாமனார் பாத்திரக் கடை திறந்த அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அந்தத் திமிர் இறங்கியது.

கல்யாணமாகி வந்த புதுசு. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசைதான் என் ஆபீஸ். ஹெட்போனை மாட்டினால் குக்கர் விசில் கேட்காது, கழற்றினால் விசிலைத் தவிர எதுவும் கேட்காது. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் இதை வேலை என்றே சேர்த்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர்ல எதையோ நோண்டிக்கினு இருக்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்.

அப்போதுதான் மாமா வேங்கிக்காலில் கடை போட்டார். புது வீடுகள் எழும்புகிற இடம், பால் காய்ச்சுகிற வீட்டுக்கெல்லாம் குடம் வேணுமே. கடைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. பார்த்த உடனே என் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

"மாமா, அந்த ரூம எனக்குக் குடுங்களேன். ஸ்டூடியோ வெச்சிக்கிறேன்."

"அட்டைப்பெட்டி போட எடம் வேணுமேம்மா" என்று இழுத்தார். "சரி, கடைக்கு ஒரு விளம்பரம் எடுத்துக் குடு. நல்லா வந்துச்சுனா ரூம் உனக்கு. இல்லனா அட்டைப்பெட்டிக்கு."

அத்தை உள்ளேயிருந்தே சொன்னார்: "வெள்ளிக்கிழம ஒம்போதேகால்லருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள எடுத்ததத்தான் போடணும். பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், ஆமா!"

வெள்ளிக்கிழமை கேமராவை நிறுத்திப் பார்த்தால் மாமாவுக்குப் பின்னால் சுவர் வெறிச்சென்று இருந்தது. "அந்தப் பெரிய கடிகாரத்த இங்க மாட்டுங்க, நெறஞ்ச மாதிரி இருக்கும்" என்று என் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றியது சாட்சாத் நானேதான். (என்னா அறிவு!)

வீட்டில் மாமா பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேமராவைப் பார்த்ததும் மனுஷன் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துவிட்டார். முதல் டேக்கில் வணக்கம் அழகாக வந்தது, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அடுத்ததில் தும்மல். அதற்கடுத்ததில் வேலூர் பஸ்ஸின் ஹாரன். ஒன்றில் அத்தை குறுக்கே நடந்துபோய், "நான் தெரிய மாட்டேன், நீ எடு" என்றார். கடைக்குத் தன் அம்மா பேரைத்தான் வைத்திருந்தார் மாமா. ஒரு டேக்கில் அதையும் மறந்துவிட்டு, "நம்ம கடை பேரு இன்னாம்மா?" என்று கேமராவைப் பார்த்தே கேட்டார். பத்தேகால் ஆனதும் அத்தை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. "சும்மா ஒரு ரிகர்சல் பாக்கலாம் மாமா. இது கணக்குல வராது" என்றேன். கேமராவை ஓடவிட்டேன். கணக்கில் வராது என்றதும் எங்கிருந்துதான் வந்ததோ! அண்டாவைத் தட்டிக் காட்டுகிறார், கண்ணடிக்கிறார், "பொண்ணுக்குச் சீர் குடுக்கறீங்களா? இந்த அண்டாவத் தூக்கிப் பாருங்க. தூக்க முடியலனாத்தான் அது நல்ல அண்டா!" என்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

என் எடிட்டிங் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு காட்சியை எத்தனை தடவை எடுத்தாலும், எல்லா டேக்கையும் தட்டில் தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடுக்கிவிடலாம். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்தது மேலே வரும். தட்டினேன். தும்மல், ஹாரன், அத்தை என்று வரிசையாக வந்தது. கடைசியில் ராகு காலத்து மாமா, தங்கமாக ஜொலித்தார். விட மனசு வருமா? வணக்கத்தை நல்ல நேரத்திலிருந்து எடுத்தேன், அண்டாவை ரிகர்சலிலிருந்து எடுத்தேன். நடுவில் நல்ல நேரத்துச் சிரிப்பு ஒன்று, கடைசியில் ராகு காலத்துக் கும்பிடு. ஒட்டுத் தெரியாமல் தைத்துவிட்டதாக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரம் கண்ணில் படவே இல்லை.

திறப்பு விழா அன்று கடை வாசலில் பெரிய டிவி வைத்து விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். அண்டா வசனத்துக்குக் கைதட்டல்! மாடி அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் குரல் கேட்டது.

"ஏங்க, கடியாரத்துல இன்னா மணி?"

மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது இல்லீங்க, டிவில!"

எல்லாரும் பார்த்தார்கள். வணக்கம் சொல்லும்போது ஒன்பதரை. அண்டாவைத் தட்டும்போது பதினொன்று. சிரிக்கும்போது மறுபடி ஒன்பதே முக்கால். கும்பிடும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. அடுத்த தடவை ஓடியபோது கூட்டமே சேர்ந்து மணி சொல்ல ஆரம்பித்தது. "அண்ணே, உன் கடையில நேரம் பின்னாடியும் போவுது பாரு!" என்று மாமாவின் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே இருந்த அண்டாவுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"ராகு காலத்துல எடுத்தத வாசல்லயே ஓட வுட்டுருக்குதே! மாத்தச் சொல்லுங்க" என்று அத்தை கண் கலங்கிவிட்டார். டிவியோடு இணைத்திருந்த லேப்டாப்பைத் திறந்தேன். நல்ல நேரத்து டேக் ஒன்றை மேலே கொண்டுவரணும், அவ்வளவுதான். அவசரத்தில் எத்தனை தட்டு தட்டினேனோ, "நம்ம கடை பேரு இன்னாம்மா?" என்று மாமா பெரிய டிவியில் பரிதாபமாக நின்றார். ரோட்டில் போன ஆட்டோக்காரர்கூட வண்டியை நிறுத்திச் சிரித்தார். ரூம் அட்டைப்பெட்டிக்குத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

மாமா டிவிக்குக் கிட்டே போய்த் தன் முகத்தைப் பார்த்தார். "அடச்சே, நானா இது? முன்ன ஓடுச்சே, அதையே போடும்மா."

"ஏங்க, அது ராகு காலங்க!"

"இருந்துட்டுப் போவட்டும்டி. அந்த ராகு நேரத்துலதான் எனக்கு வாயே தெறந்துச்சு." என் பக்கம் திரும்பி, "நீ மேல ரூமுக்கு ஒரு பூட்டு வாங்கிக்கோ" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இதை அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். (அட்டைப்பெட்டியும் பாதி அறையில் இருக்கிறது, அது வேற கதை.) எங்கள் வீட்டில் இப்போது யாருக்காவது பயமென்றால், "ரிகர்சல்னு நெனச்சிக்கோ" என்பதுதான் மந்திரம். போன மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் முகம் வெளிறிப்போய்ச் சுவரோரமாக நின்றாள். "நல்ல நேரம் எப்பனு சொன்னீங்கனா அதுக்கேத்த மாதிரி கெளம்புவோம்" என்றார்கள்.

மாமா மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு போனில் நிதானமாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு மேல வாங்க."

அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.