என் பெருவிரலும் உன் மச்சாளின் வாயும்

தலைமன்னார்

தங்கச்சி பெற்றிசியாவுக்கு,

தேவமாதாவின் துணையால் உன் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கே என் இடது கால் பெருவிரலைத் தவிர அனைவரும் சுகம். போனில் சொன்னால் நீ இடையில் கதைப்பாய், அதனால்தான் கடிதம்.

சீனி வருத்தத்தால் விரலில் வந்த புண் ஆறவில்லை. "வீட்டு ஆக்கள்தான் பார்த்துச் சாப்பாடு குடுக்க வேணும், அம்மா" என்றார் டொக்டர். வீட்டு ஆக்கள் பார்த்தார்கள். மகன் அம்புறோஸ் சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். நான் வெறுந்தேத்தண்ணி குடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல் மருமகள் வசந்தமலர், "இது சீனி இல்லைத்தானே மாமி, பனையிலை வாறது, ஒண்டும் செய்யாது" என்று பனங்கட்டித் துண்டு தந்தாள். அவளுக்குத் தெரியாமல் அம்புறோசும் ஒரு துண்டு தந்தான். முன் வீட்டு சபூரா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து, "இதுக்கும் சீனி போடேல்லை அக்கா, கருப்பட்டிதான்" என்றாள். அன்பாய்த் தருவதை வேண்டாம் என்பதெப்படி? மூன்று பேரின் அன்பையும் தின்று புண் கொழுத்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர், "இன்னும் ஒரு மாதம் பார்ப்பம். சீனி இறங்காட்டில் விரலை எடுக்க வேண்டி வரும்" என்றுவிட்டார்.

வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தேன். பக்கத்தில் உன் மச்சாள் றஞ்சிதம். எழுபத்தொன்பதாம் ஆண்டு உன் கலியாணப் பந்தலில் என் மீன் குழம்பை வாயில் வைத்து, "கடலை அள்ளி ஊத்தினதோ?" என்று கேட்டவள். நீ மறந்திருப்பாய். அன்றைக்கு அவள் உடுத்திருந்தது பச்சைச் சீலை. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தும் முப்பத்தைந்து வருடம் பேசாதவள், என் கிளினிக் கொப்பியை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அண்டைக்கு உப்புக் கூட, இண்டைக்கு இனிப்புக் கூட. உனக்கு எப்பவும் அளவு தெரியாதடி."

அவளுக்கும் இதே வருத்தந்தான். மறுநாளிலிருந்து விடிந்தால் வேலிக்கு மேலால் கத்துகிறாள்.

"எடியே, என்ன திண்டனீ?"

"குரக்கன் பிட்டு. நீ?"

"பாதிப் பிட்டு, மிச்சம் கீரை. புண்ணைக் கழுவினனியோ? செருப்பெங்கே?"

பனங்கட்டியை வாயருகே கொண்டுபோனால் அவள் முகம் தெரிகிறது, வைத்துவிடுகிறேன். நேற்றுக் கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது, விரல் தப்பிவிட்டது. "நல்ல வீட்டு ஆக்கள்" என்றார் டொக்டர். அம்புறோஸ் பல்லைக் காட்டினான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

விரல்தான் தப்பியதே, இனி அந்த வாய் எதற்கு? வேலிப் பக்கம் வரவேண்டாமென்று உன் மச்சாளுக்கு நீயே சொல்லிவிடு. பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒவ்வொரு சிலுவை போட்டுவிடு.

உன் அக்கா,
றோசம்மா

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்றைக்கு வெயில் ஏறியும் வேலியில் சத்தமில்லை. பார்க்கட்டும் என்று பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வேலியடியில் நின்றேன். வரவில்லை. அவள் படலையைத் திறந்து போனேன். காய்ச்சலில் கிடந்தாள். "வாயிலை கிடக்கிறதை முதல்ல துப்படி" என்றாள். துப்பினேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றாள். நான் மேலே கேட்டதை மறந்துவிடு. மறப்பதில் நீ கெட்டிக்காரிதானே.