தங்கச்சி கலியாணமும் பித்தளை மூடிகளும்

தை மாதத்தில் கலியாணம் வைக்கச் சொல்லும் பஞ்சாங்கத்தை எழுதியவர், டோர்ட்மண்டில் ஒரு விடியற்காலையிலாவது காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் எல்லா முகூர்த்தத்தையும் ஆடிக்கு மாற்றியிருப்பார்.

நான் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மூன்றாம் மாடிக்குத் திரும்பி ஏறுகிறவன். (அணைத்துத்தான் இருக்கும்.) ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் வாசித்து அறிந்து பயப்படத் தெரியாது; காதில் விழுவதை வைத்தே பயப்படுவேன். குளிர்காலத்தில் காரின் ரேடியேற்றருக்குள் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் நஞ்சு, அதை நக்கிய பூனையொன்று செத்துப்போனது என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். எங்கள் கட்டடத்தில் பூனைகளும் இருந்தன, பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே என் பழைய காருக்கு வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தேன்.

தங்கச்சி சாந்தியின் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் பெருங்குளிர் இறங்கியது. காலையில் பார்த்தால், எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து இரண்டு பனிக்கட்டிகள் குச்சி ஐஸ்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் தொப்பி வைத்ததுபோல ஒரு வட்டத் தகரம்.

மேல்மாடிக் குணம் அண்ணையைக் கூட்டிவந்து காட்டினேன். கார்ப் பட்டறையில் வேலை செய்பவர். இடுப்பில் நாரிப்பிடிப்பென்று வைத்தியரிடம் துண்டு வாங்கி வருத்த லீவில் நின்றார்.

"எஞ்சின் கட்டையை வார்க்கேக்க உள்ள இருக்கிற மண்ணை எடுக்க ஓட்டை விடுறவங்கள். அதை இந்தச் சின்ன மூடியளாலதான் அடைக்கிறது. தண்ணி உறைஞ்சு வீங்கித் தள்ளிப்போட்டுது. நல்லகாலமடா, இல்லாட்டிக் கட்டையே வெடிச்சிருக்கும். புதுசு ரெண்டு வாங்கி அடி."

"நீங்களே அடிச்சுத் தாங்கோவன் அண்ணை."

"எனக்கு ஏலாது. நான் சுத்தியல் தூக்கிறதை முன்வீட்டுக் கிழவி கண்டாளெண்டால் பட்டறைக்கே போன் அடிப்பாள். நான் வாயால சொல்லுறன், நீ கையால செய்."

வேறு யாருடைய காரையாவது இரவல் வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் முறையில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவரை மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டியது அவன். அப்பா, அம்மா இருவருக்கும் விசா மறுத்துவிட்டார்கள். சாந்திக்கு இந்த நாட்டில் பிறந்தவீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். "எங்கட வீட்டுக் காரிலதான் அவர் வரோணும் அண்ணா" என்றாள். அந்தக் கலியாணத்தில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"பழைய மூடியை அளக்காத, அது நசிஞ்சிட்டுது. ஓட்டையை அள" என்றார் குணம் அண்ணை. கை விறைக்கும்வரை திரும்பத் திரும்ப அளந்தேன். உதிரிப்பாகக் கடைக்காரர் இரும்பு வேண்டுமா, பித்தளை வேண்டுமா என்று கேட்டார். இரும்பு துருப்பிடிக்குமா என்றேன். "இருபது வருடம் போனால் பிடிக்கலாம்" என்றார். அந்த இருபது வருடத்துக்கான கவலையையும் அங்கேயே நின்று பட்டு முடித்து, பித்தளையையே வாங்கினேன்.

அடுத்த நாள் குணம் அண்ணை இரண்டு கையையும் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஓட்டையை உப்புத்தாளால மினுக்கு. சுத்திவரப் பசை பூசு. மூடிக்குள்ள அடங்கிற, நட்டுக் கழட்டிற சொக்கெற் ஒண்டை வைச்சு, நேர அடி. விளிம்பு உள்ள இறங்கினதும் நிப்பாட்டு."

அடித்தேன். அழகாக இறங்கியது.

"காணும், விடு."

எப்படி விடுவது? ஓட்டோபான் நெடுஞ்சாலையில் கழன்றால்? மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது கழன்றால்? நிச்சயத்துக்கு இன்னும் ஒரே ஒரு அடி அடித்தேன். மூடி எஞ்சினுக்குள் விழுந்து, எங்கோ ஆழத்தில் கிணுங் என்றது.

"காந்தம் விட்டு எடுப்பம் அண்ணை."

குணம் அண்ணை வாயால் குளிர்ப்புகை விட்டபடி என்னையே பார்த்தார். "பித்தளையடா, விசரா."

(துருவும் பிடிக்காது, காந்தமும் பிடிக்காது.)

கம்பி விட்டுக் கிளறியும் வரவில்லை. "கிடக்கட்டும், ஒண்டும் செய்யாது" என்றார். மறுபடி கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதை அவர் கத்திக் கத்தி நிறுத்தியதில் சரியாக இருந்தது. அடுத்த ஓட்டைக்கு வருமுன் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட, அவர் மேலே போய்விட்டார். இப்போது எனக்கு அடிக்கவே பயம். குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோலத் தட்டினேன்.

"இறங்கினதோ?" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"ஓம்" என்றேன். பாதி இறங்கியிருந்தது.

உறைதடுப்பைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தார். நான் தண்ணீரை இனி நம்புவதாக இல்லை. முழுவதும் அந்தப் பச்சைத் திரவத்தையே ஊற்றினேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீடு இருந்த ஆஹென் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை தயாபரனையும் அவருடைய அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மற்றவர்களின் கார்கள் என்னைத் தாண்டி எப்போதோ போய்விட்டன. பாதி வழியில் பின்னாலிருந்து மாமி, "தம்பி, உங்கட கார் வேர்க்குது போல" என்றார்.

அது ஆவி. ஓரமாக நிறுத்தினேன். நான் தட்டிய மூடி போய்விட்டது. காரின் கீழே பனி முழுவதும் கிளிப்பச்சை.

தயாபரன் தலைப்பாகையோடு இறங்கி, பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். "என்ன மச்சான் இது?"

"கிட்ட வராதேங்கோ, நஞ்சு!"

நான் சொல்லி முடிக்குமுன் கணுக்கால்வரை அதற்குள் நின்றார்.

"நஞ்சோ? ஐயோ, என்ர பிள்ளை!" மாமியின் ஓலத்தில் லொறிகள் வேகம் குறைத்தன.

கார் தூக்கும் வண்டி வந்தது. சாரதி எங்கள் தலைப்பாகையையும் கடுக்கனையும் பார்த்துவிட்டு, "கார்னவாலுக்கா?" என்று கேட்டார். ஊர் முழுக்க வேடம் போட்டு ஆடும் காலம் அது. நான் விளக்க வாயெடுத்தேன். தயாபரன் முந்திக்கொண்டார்: "ஆம். இந்த வருட இளவரசன் நான். பிந்தக் கூடாது." சாரதி அதன்பிறகு ஓட்டிய ஓட்டத்தை நினைத்து நான் பல நாள் பயந்திருக்கிறேன்.

முகூர்த்தம் முடியச் சற்று முன்பு, பூச்சோடித்த என் காரை முதுகில் சுமந்த வண்டி மண்டப வாசலில் நின்றது. சாந்தி சன்னலில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அழுததால் மை வழிந்திருந்தது. எங்கள் வீட்டுக் காரில்தான் வரவேண்டும் என்று கேட்டவள் அவள்.

வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். தாம்பாளத்தில் அவர் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் பச்சையாக ஓடியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"கழுவுங்கோ மச்சான், வீடியோ ஓடுது" என்று தயாபரன் பல்லைக் கடித்தபடி சொன்னார். கழுவக் கழுவப் பச்சைதான். முடிந்ததும் முறைப்படி என் விரலில் மோதிரம் போட்டார். விரலும் பச்சை.

டிவிடி ஊருக்குப் போனது. அப்பா போன் எடுத்தார்.

"எல்லாம் வடிவாக் கிடக்கு தம்பி. ஆனா கால் கழுவேக்க, அந்தப் பச்சைத் தண்ணி என்ன?"

கலியாணம் தப்பிப் பிழைத்த கதையைச் சொன்னால் மனிதர் அங்கிருந்து தவிப்பார். அந்த வியாதி எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. "இஞ்சத்தைய முறை அப்பா. குளிருக்கு மூலிகை போடுறது" என்றேன்.

கொஞ்சக் காலம் கழித்து ஊரில் சித்தப்பாவின் மகனுக்குக் கலியாணம் நடந்தது. எங்களுக்கு வந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீர். துளசி அரைத்துக் கலந்திருக்கிறார்கள். செம்பை எடுத்துக் கொடுத்தவர் அப்பா. மிகவும் மெலிந்திருந்தார். எல்லாம் தெரிந்தவர்போலக் கமெராவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு ஊருக்குப் போகும் பாதையை மூடினார்கள், சண்டை வந்தது. அப்பா நடமாடுவதை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வீடியோத் துண்டில்தான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கலியாணம் நடப்பதில்லை. சாந்தியே துளசி அரைத்துக் கொடுக்கிறாள். வாசலில் முழிக்கும் ஒவ்வொரு புது மாப்பிள்ளையின் காதிலும் தயாபரன் போய்ச் சொல்லுவார்:

"பயப்படாதையும் தம்பி, உது வெறும் துளசி. எனக்கு ஊத்தினதுதான் அசல்."