கம்பவுண்டர் வைத்தியம் பார்த்த பாட்டுப்பெட்டி

உலகத்தில் பாட்டுப்பெட்டிக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனுஷன் எங்கள் கம்பவுண்டர்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும், நான் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளில், மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பினார். போகும்போது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஹெட் கிளார்க் சாய்வு நாற்காலியை வாங்கிக்கொண்டார். டிரைவர் மழைக்கோட்டை வாங்கிக்கொண்டார். உனக்கு என்ன வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கேட்டதும், அவர் மூலையில் கிடந்த கரண்டு ஆர்கனைக் கைகாட்டினார். ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். துருத்தி கிடையாது, உள்ளே ஒரு காற்றாடி சுற்றி ஊதும். பிளக்கைச் சொருகிக் கட்டையை அழுத்தினால் பாட்டு வரும். அப்படித்தான் துரை சொல்லிவிட்டுப் போனார். துரை போய்விட்டார், பாட்டு வரவில்லை.

கம்பவுண்டரின் குவார்ட்டர்ஸில் ஒரே அறை. கட்டில் வெளியே வந்தால்தான் பெட்டி உள்ளே போகும் என்றார்கள். கட்டிலை வெளியே போட்டார். அன்று முதல் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கவைக்கிற மேசைமேல்தான் அவர் படுக்கை. நோயாளிகளே போய் அவரை எழுப்பி இறக்கிவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

எங்கள் மலையில் மழை பிடித்தால் தீப்பெட்டிகூடப் பற்றாது. பெட்டி சும்மா இருக்குமா? கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் எழும்பாது. சில கட்டைகள் கரகரவென்று இழுக்கும். வேறு யாராக இருந்தாலும் ரேடியோ ரிப்பேர்க்காரனைத் தேடியிருப்பார்கள். இவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து நான் போய் நின்றேன். பெட்டியின் முதுகில் குழாயை வைத்து, இன்னொரு கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு ஒரே இருமல். மருந்து குடுங்க."

"இரு பேச்சியம்மா. இதுக்கும் இருமல்தான். இதைப் பாத்துட்டு வாரேன்."

"அது பொட்டி சார்!"

"பொட்டின்னா நெஞ்சு இருக்காதா?"

என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெட்டிக்குக் கற்பூரத் தைலம் தடவி, அடியில் வெந்நீர்ப் பை வைத்து, கம்பளி போர்த்தி முடித்த பிறகுதான் மனுஷனுக்கு மருந்து வந்தது.

இன்னொரு நாள் ஒரு கறுப்புக் கட்டை அடியோடு ஊமையாகிவிட்டது. பல் பிடுங்குகிற இடுக்கியை உள்ளே விட்டு ஒரு கரப்பான்பூச்சியை வெளியே எடுத்தார். எடுத்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதானே? ஸ்பிரிட் ஊற்றிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்து அலமாரியில் வைத்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "இதை எடுத்தப்புறம்தான் மூச்சு விட்டுது" என்று காட்டுவார்.

பெரிய சீக்கு ஃபேக்டரியில் இருந்தது. அங்கே கொழுந்து அரைக்கிற ரோலரைப் போட்டால் எஸ்டேட் முழுக்கக் கரண்டு குறையும். பல்பு மஞ்சளாகும். பெட்டிக்குள் காற்றாடி சோர்ந்துபோய், கல்யாணப் பாட்டு ஒப்பாரியாக இறங்கும். இவர் அதற்கு ரத்தக்குறைவு என்று பேர் வைத்தார். ஃபேக்டரிக்கே போய், சாயங்காலம் கொஞ்ச நேரம் ரோலரை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அங்கே பொறுப்பிலிருந்த டீமேக்கர் மீசையைத் தடவிக்கொண்டு, "கொழுந்து புளிச்சுப்போகும் ஓய். உம்ம பொட்டிக்கு ஒரு டானிக்கைக் குடும்" என்றார். இவர் கோபப்படவில்லை. எந்த டானிக் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான். ஆனால் இவ்வளவு பாடும் எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளிக்காரி. தங்கைகளையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனக்கென்று பார்க்காமல் நின்றவள். ஊசியைக் கொதிக்கவைக்கும்போது தன்பாட்டுக்கு ஏதாவது முனகுவாள். அந்த முனகலைக் கேட்டால் கம்பவுண்டர் மருந்து கலக்குகிற கையை நிறுத்திவிடுவார். அவருக்கும் யாரும் கிடையாது, நாற்பது தாண்டியாயிற்று.

"பொட்டி சரியாகட்டும் பேச்சியம்மா. அந்தம்மாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டு முழுசா வாசிச்சிட்டு, அப்புறம் கேட்டுருவேன்" என்றார் என்னிடம்.

"வாய் நல்லாத்தானே இருக்கு? வாயால கேளுங்க."

"வெறும் வாயால எப்படிக் கேக்க?"

மழை போய்ப் பனி வந்தது. பெட்டிக்கு ஒன்று தீர்ந்தால் ஒன்று வந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வருகிற வழியில் ஒருநாள் நர்ஸம்மா என்னை நிறுத்தினாள்.

"ஏனுங் பேச்சியக்கா, ஊட்டுல அண்ணன் மாப்பிள்ளை பாத்திருக்கறாருங்க. வர்ற வாரம் பதில் சொல்லோணும். இங்க ஒருத்தரு ஒரு வார்த்தை சொன்னாருன்னா நான் நின்னுக்குவனுங்க. நானாப் போய்க் கேக்க முடியுங்களா?"

கூடையை இறக்கக்கூட இல்லை, நேரே கம்பவுண்டரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, "ஞாயித்துக்கெழமை கூப்பிடுங்க. பொட்டி செத்தாலும் சரி, நீங்க கேட்டுப்புடணும்" என்றேன். சரி சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா நீலச் சேலையில் வந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் பிளக்கைச் சொருகினார், கண்ணை மூடினார், வாசித்தார்.

இருமல் இல்லை, இழுப்பு இல்லை. அந்தப் பெட்டிக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. பாட்டு ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை நடந்து போய்ச் சேர்ந்தது. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருந்துச்சுங்க. என்னமோ சொல்லோணும்னு கூப்பிட்டீங்களாமே? சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"அதெப்படி?" என்றார்.

"எதுங்க?"

"நேத்து வரைக்கும் இழுத்துச்சே! இன்னைக்கு எப்படி இழுக்கல?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார். பின்பக்கப் பலகையைக் கழற்றினார். காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டார். "சார்!" என்று நான் அதட்டினேன். காதில் குழாய் மாட்டினவனுக்கு எது கேட்கும்?

"நான் வரட்டுங்களா?" என்று நர்ஸம்மா கொஞ்சம் உரக்கவே கேட்டாள். தலையை எடுக்காமலே, பொறு என்று கையை மட்டும் காட்டினார். அவள் பொறுத்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு கிளாஸை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "கண்டுபிடிச்சிட்டேன் பேச்சியம்மா! பனிக்குக் கொழுந்து கம்மி, இன்னைக்கு லீவு, ரோலர் ஓடல! அதான் கரண்டு குறையல!" என்றார். அப்புறம் காலி நாற்காலியைப் பார்த்தார். "நர்ஸம்மா எங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவர் நர்ஸம்மாவின் கதவைத் தட்டப் போனபோது, அவள் அண்ணனுக்குச் சம்மதம் சொல்லி ஆள் அனுப்பிவிட்டிருந்தாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியை ஜீப்வரை சுமந்து வந்தது அவர்தான். வழியில் வாந்தி வராமலிருக்க மருந்து மடித்துக் கொடுத்தார். "வளைவு ஜாஸ்தி. முன் சீட்ல உக்காந்துக்குங்க" என்றார். "வர்றனுங்க" என்றாள் அவள். அவ்வளவுதான். ஜீப் திருப்பத்தில் மறைந்த பிறகும் ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்ச மாதம் கழித்து, விறகு வெட்டும்போது எனக்குக் கட்டைவிரலில் கத்தி பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து வைத்துத் துணி சுற்ற ஆரம்பித்தார். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் சார் கேக்கல?"

"எல்லாம் சரியா அமையட்டும்னு இருந்தேன் பேச்சியம்மா."

"அமைஞ்சுதே சார்."

"ஆமா, அமைஞ்சுது" என்றார். தலையைக் குனிந்தபடி துணியைச் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். சின்னக் காயம்தான். என் விரல் பலாப்பிஞ்சு கனத்துக்கு வந்துவிட்டது. போதும் சார் என்று நான் சொல்லவில்லை. துணி தீருகிறவரை கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.