நாய்க்கு மனு எழுதிக் கொடுத்தவர்

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே மனித மனசுக்கு அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள் எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிய ஒரே ஆள் எங்கள் மனுக்காரம்மாதான். ஒரு நாயின் மனசுக்கும் எழுதியிருக்கிறார், அதைப் பிறகு சொல்கிறேன். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மேடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அதைக் கூப்பிடும்போதெல்லாம் யாரது என்று நாங்கள் திரும்பிப் பார்ப்போம். அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சலின் அளவு உங்களுக்குப் பிடிபடும். பெரிய கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருபத்தைந்து வருடமாக நிற்கிறேன். சாவி வாங்கும் கையைப் பார்த்தே, இவர் போர்வை கேட்டுச் சண்டை போடுவாரா, வெந்நீர் கேட்டுச் சண்டை போடுவாரா என்று சொல்லிவிடுவேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்த நோட்டுகள்தான் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன், ஐம்பது வயதில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. முதல் தாள் ‘உளவியல் அறிமுகம்’. எனக்கெதற்கு அறிமுகம், நேராக முதல் மதிப்பெண்ணே கொடுத்துவிடலாமே என்ற நினைப்பில்தான் போய் உட்கார்ந்தேன்.

மேடத்துக்கு என் மகள் வயது இருக்கும். ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார். நான் மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். மனித மனம் ஒரு லாட்ஜ் என்று ஆரம்பித்து, தரைத்தளம், மாடி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி வரை சுற்றிக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அடுத்து, கடைசி பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தச்சர் பென்சில் வைப்பதுபோலக் காதில் பேனா.

“நான் வேங்கிக்கால்ல, கலெக்டராபீஸ் எதுத்தாப்புல மனு எழுதுறேன் மேடம். திங்கக்கெழம மனு நாளுக்கு வர்றவங்க எல்லாம் நெலத்தப் பத்திதான் பேசுவாங்க. ஆனா அழுவுறது வேற எதுக்கோ. அது எதுக்குன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்.”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மேடம் திரும்பி அதை அப்படியே போர்டில் எழுதினார்! நான் ஊரார் பேச்சை எல்லாம் பொறுக்கி எழுதுகிறவன். என் பேச்சை ஒரு டீக்கடைச் சுவரில்கூட எவரும் எழுதியதில்லை. ஆனாலும் நல்ல வார்த்தையை விடமுடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு என் நோட்டிலும் குறித்தேன்.

அடுத்த பாடம் நாய். மணி அடித்து அடித்துச் சோறு போட்டு, கடைசியில் வெறும் மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறவைத்தார்களே, அந்த நாய். நடத்தி முடித்து, சந்தேகம் இருக்கிறதா என்றார் மேடம்.

“அந்த நாய்கிட்ட சம்மதம் வாங்கினாங்களா மேடம்?” என்றார் மனுக்காரம்மா.

“நாய்கிட்ட எப்படிம்மா வாங்குறது?”

“ரேகை உருட்டியிருக்கலாமே. அதுக்கு நாலு காலு இருக்குதுல்ல.”

வகுப்பு சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ஆள் இத்தோடு காலி என்ற சந்தோஷம். மறுவாரம் தேர்வு வைத்தார்கள். அதே நாய்தான் கேள்வி. எங்கள் லாட்ஜ் காலிங்பெல்லை உதாரணம் காட்டி நான்கு பக்கம் எழுதினேன். மனுக்காரம்மா எழுதியது ஒரே பக்கம். மேடம் அதை வாய்விட்டுப் படித்தார்.

“அனுப்புநர்: நாய், ஆய்வுக்கூடம். பெறுநர்: ஆய்வாளர் ஐயா அவர்கள். பொருள்: மணி அடித்தும் உணவு வழங்காமை தொடர்பாக. ஐயா, தாங்கள் ஆரம்பத்தில் மணி அடித்தவுடன் உணவு வழங்கி வந்தீர்கள். அதை நம்பி, மணிச் சத்தத்துக்கே நான் உமிழ்நீர் சுரந்து வந்தேன். சமீப காலமாக மணி மட்டும் வருகிறது, உணவு வருவதில்லை. ஆகவே எனது உமிழ்நீரும் நாளடைவில் நின்றுவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

மேடம் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாடம் மொத்தமும் இதுக்குள்ள இருக்குங்க” என்றார். இருபதுக்குப் பதினெட்டு. எனக்குப் பதினொன்று. ஓரத்தில் சிவப்பு மையில் ‘லாட்ஜ் எதற்கு?’ என்று ஒரு கேள்வி வேறு.

“ஏம்மா, பரீட்சையைப் போய் மனு மாதிரி எழுதியிருக்கீங்க?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“எனுக்கு வேற மாதிரி எழுத வராது லாட்ஜ் சார். பால்காரருக்கு சீட்டு எழுதி வெச்சாகூட ‘ஆவன செய்யுமாறு’ன்னுதான் முடிக்கிறேன். அந்த ஆளு பயந்துகினு அரை லிட்டர் ஜாஸ்தியா ஊத்திட்டுப் போறாரு.”

மைக்கறைப் படம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கும் பாடம் வந்தது. எங்கள் ஊரில் எந்தக் கறையைக் காட்டினாலும் பாதிப் பேர் மலை என்றுதான் சொல்வார்கள். நானும் மலை என்றேன். மீதிப் பேர் வண்ணத்துப்பூச்சி. மனுக்காரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேனா கசிஞ்சிருக்குது. இத வாங்கிக்க மாட்டாங்க. வேற பேப்பர்ல எழுதணும்” என்றார். அதற்கும் மேடம் ஆஹா என்றார். நான் இதையே சொல்லியிருந்தால் ‘லாட்ஜ் எதற்கு?’ என்றிருப்பார்.

பிறகு மனநோய்கள் பற்றிய பாடம். முதல் பக்கத்தில் இருந்த நோய் எனக்கு இருந்தது. இரண்டாம் பக்கத்தில் இருந்ததும் இருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்த வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். வீட்டில் புத்தகத்தை விரித்து, எனக்கு என்னென்ன இருக்கிறது என்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரி, இதுல வாய் ஓயாம பேசுறது எத்தனாவது பக்கம்?” என்று கேட்டாள்.

பயந்தவர்கள் எல்லாம் இடைவேளையில் யாரிடம் போனார்கள் என்கிறீர்கள்? மனுக்காரம்மாவிடம்தான். அவரைச் சுற்றி வரிசை. நான் ஒருவன் தனியாக வடையோடு நிற்பேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், கூடப் படித்த நர்ஸ் ஒருவரை நிறுத்தி, “உங்க முகத்துல ஆழமா ஒரு வேதனை தெரியுதேம்மா” என்றேன்.

“ஆமா சார். கடவாப்பல்லு” என்றபடி அவரும் போய் வரிசையில் நின்றுகொண்டார்.

அந்த அம்மாவிடம் ஏதோ தொழில் ரகசியம் இருக்கிறது, அதைத் திருடியே தீர்வது என்று ஒரு திங்கட்கிழமை லாட்ஜுக்கு விடுப்புப் போட்டுவிட்டு வேங்கிக்கால் போனேன். எதிர்ச்சாரி டீக்கடையில் பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி ஒளிந்து உட்கார்ந்தேன். புங்கமரத்தடியில் ஒரு மேஜை, இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் அவர். இன்னொன்றில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம்பி வண்டிப்பாதையை மறித்துவிட்டான் என்று கத்திக்கொண்டிருந்தார்.

மனுக்காரம்மா எழுதவே இல்லை. “அப்புறம்?” என்றார். பெரியவர் இன்னும் கத்தினார். “அப்புறம்?” என்றார். கத்தல் கம்மியானது. மூன்றாவது ‘அப்புறம்’ போய் விழுந்ததும் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “எம் பொண்ணு கல்யாணத்துக்கு அவன் வர்லம்மா” என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கப்புறம்தான் காதிலிருந்து பேனா இறங்கியது.

இவ்வளவுதானா ரகசியம்! மறுநாள் காலையிலேயே கவுன்டரில் ஒருவர் வந்து, “பஸ்ஸு லேட்டு சார், முதுகெல்லாம் வலி” என்றார். நான் கன்னத்தில் கைவைத்து, “அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் இன்னா? ரூம் இருக்குதா, இல்லியா?”

பருவத்தின் கடைசி வேலையாக, ஒரு மனிதரை இரண்டு மாதம் கவனித்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். பெயர் போடக்கூடாது, எழுதப்படுகிறவரின் சம்மதம் வேண்டும். சிறந்த அறிக்கை கடைசி வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்கப்படும். இதை விட்டுவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லை. முப்பது பக்கம் எழுதினேன். யாரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? மனுக்காரம்மாவைப் பற்றித்தான். எதிரியை நான் அளந்து காட்டினால், அளந்தவன்தானே பெரியவன்!

கடைசி வகுப்பு பௌர்ணமியன்று வந்து தொலைத்தது. கிரிவலக் கூட்டம் குவியும் அன்று ரிசப்ஷன்காரனுக்கு லீவு கொடுக்கும் முதலாளி எங்கள் ஊரில் இல்லை. “என் அறிக்கையைப் படிக்கப்போறாங்க முதலாளி” என்று சத்தியமே பண்ணி வாங்கினேன். மனைவியும் பட்டுப்புடவையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“மதியத்துக்குள்ள பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியில நிறுத்திடுவாங்க, ஒண்ணுதான் படிக்க நேரம்” என்றார் மேடம். “முதலிடம் மனுக்காரம்மா. ரெண்டாவது லாட்ஜ் சார்.”

என் மனைவி பட்டுப்புடவை முந்தானையை மெதுவாக மடித்துக்கொண்டாள்.

மனுக்காரம்மா எழுந்தார். ஆனால் படிக்கவில்லை. “மனுதாரர் கையெழுத்து இன்னும் வாங்கல மேடம். அது இல்லாம படிக்கக் கூடாது. அவரு வேணாம்னுட்டா, ரெண்டாவதப் படிச்சிடுங்க” என்றபடி நேராக என் பெஞ்சுக்கு வந்து, தாளை என் முன்னால் வைத்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தார்.

படித்தேன்.

“பொருள்: ஒருவர் சொல்வதை எவரும் குறித்துக்கொள்ளாமை தொடர்பாக. மேற்படி மனுதாரர், பிறர் சொல்லும் நல்ல வார்த்தைகளை எல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறார். எனது வார்த்தையையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். இடைவேளையில் தனியாக வடை சாப்பிடுகிறார். ஒரு திங்கட்கிழமை எதிர்க்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இவர் சொன்னதை இதுநாள்வரை எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே நான் எழுதி வைத்திருக்கிறேன். இணைப்பு: அன்னார் சொன்னவை, பதினேழு.”

பின்னால் ஒரு தாள். முதல் வரி: ‘ரூம் இல்லன்னு சொல்றது ஈஸி, சொல்லிட்டு அந்த மூஞ்சியப் பாக்குறதுதான் வேலை.’ எப்போது சொன்னேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. வடை வாங்கும்போது சொல்லியிருப்பேன்.

கையெழுத்துப் போட்டால் அவர் ஜெயிப்பார். போடாவிட்டால் என் முப்பது பக்கம் படிக்கப்படும். அப்போதுதான் உறைத்தது. அந்த முப்பது பக்கத்துக்கு நான் யாரிடம் சம்மதம் கேட்டேன்? நாய்க்காகக்கூடக் கேட்ட மனுஷியிடம் நான் கேட்கவில்லை.

“என்ன சார் யோசன?” என்றார் மெதுவாக. “புடிக்கலன்னா கிழிச்சிடலாம். எனுக்கு ஒண்ணும் இல்ல.”

கையெழுத்துப் போட்டேன். அவர் படித்தார். பெயர் இல்லாவிட்டாலும் வடை வந்த வரியிலேயே வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டது. பதினேழையும் வாசித்து முடிக்கும்வரை நான் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் என் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். “பதினேழுதானா அக்கா? வீட்டுக்கு வந்திருந்தா மூட்டையே கட்டிக் குடுத்திருப்பேனே!”

அந்த மனுவின் நகல் என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இப்போதும் திங்கட்கிழமைகளில் வேலைக்கு நடுவே வேங்கிக்கால் பக்கம் போகிறேன். புங்கமரத்தடியில் அந்த இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தால் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.