கவட்டைக் குச்சியும் வெர்னாவின் வயிறும்

வடக்கு டக்கோட்டாவின் எல்ம்ஸ்டாட் ஊரில் அன்று சர்ச்சின் கீழ்க்கூடத்தில் நிற்க இடமில்லை. கடவுளைப் பார்க்க வந்த கூட்டமல்ல. குச்சியைப் பார்க்க வந்த கூட்டம். ஊருக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்லும் க்ரான்ட்ஸ் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பூமிக்கடியில் ஓடும் ஊற்று தெரிந்துவிடும். ஊரில் பாதிக் கிணறுகள் அவர் காட்டியவைதான். அந்த மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஊற்றைக் கண்டவருக்குக் குடல் எம்மாத்திரம்? இப்போது வயிறுகளின் மேல் குச்சியை நீட்டிக் காபி டப்பாவில் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தார்.

வரிசையில் முதல் ஆள் ஆர்விட் டோலெஃப்சன். மலக்குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை ஒட்டுப்போட வேண்டும். ஒட்டு ஆறும்வரை சில மாதங்கள் குடலை வயிற்று வழியாக வெளியே திருப்பி மலத்தைப் பையில் விடவேண்டும் என்றிருந்தார் டாக்டர் ஒகாஃபர். நோய்க்குப் பயப்படாத ஆர்விட் பைக்குப் பயந்தார். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆடும்போது பை சத்தம் போட்டால் மானம் என்னாவது?

குச்சி வளைந்தால் பை, வளையாவிட்டால் வேண்டாம். வளையவில்லை.

“பை வேணாம்,” என்றார் க்ரான்ட்ஸ். “டாக்டர்கிட்ட முடியாதுன்னு கண்டிப்பா சொல்லிருங்க.”

ஆர்விட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவரைக் காரில் கூட்டி வந்திருந்தவள் பெரியம்மா மகள் வெர்னா, ஃபார்கோ நகரத்துக்காரி. கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

“டேய், டாக்டர் எதை வெச்சுப் பை வேணும்னாங்க?”

“ஒட்டு ரொம்பக் கீழ வருதாம். கதிர்வீச்சு வேற குடுத்தாச்சு, சுலபத்துல ஆறாதாம். ஒட்டு விட்டுச்சுன்னா உள்ளயே கசிஞ்சு ஆளையே முடிச்சிருமாம்.”

“அவங்க காரணம் சொல்றாங்க. இவரு என்ன சொன்னாரு?”

“குச்சி வளையலக்கா.”

“அப்ப என் வயித்தயும் பாத்துருங்க,” என்று வெர்னா க்ரான்ட்ஸ் முன்னால் போய் நின்றாள். “உள்ள எப்படி இருக்கு?”

க்ரான்ட்ஸ் கண்ணை மூடினார். “முழுக் குடல். கத்தியே பட்டதில்ல. நேரா ஓடுது.”

அந்த நேரம் பார்த்து ஒரு குசு கிளம்பியது, நிதானமாக, நீளமாக. பழக்கதோஷத்தில் எல்லாரும் வெர்னாவின் பின்பக்கம் பார்த்தார்கள். சத்தம் வந்தது முன்பக்கத்திலிருந்து.

வெர்னா ஸ்வெட்டரைத் தூக்கினாள். வயிற்றில் பை.

“எனக்கும் இதே ஆபரேஷன்தான். அடுத்த மாசம் குடலத் திரும்ப உள்ள வெச்சுருவாங்க. வெக்கப்பட்டு யாருகிட்டயும் சொல்லல. நம்ம வெக்கத்துலதான் இந்த ஆளு பொழைக்கிறாரு.”

“கம்பளி ஸ்வெட்டர் குச்சிக்கு வர்ற அலையைத் தடுக்குதும்மா,” என்றார் க்ரான்ட்ஸ்.

ஆர்விட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நூறடி மண்ணைத் துளைக்கிற குச்சி ஸ்வெட்டர்ல மாட்டிக்கிச்சா?”

கூடம் சிரித்தது. சிலர் காபி டப்பாவில் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆர்விட் பையோடு கண்விழித்தார். ஒட்டு ஆறியது. பவுலிங் நடுவில் பை சத்தம் போடத்தான் செய்தது, யாரும் செத்துப்போகவில்லை.

க்ரான்ட்ஸ் இப்போது பக்கத்து ஊரில் முழங்கால் பார்க்கிறாராம். நல்ல கூட்டமாம். தண்ணீர் வராத குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டலாம். வேறு வயிற்றுக்கு எங்கே போவது? குச்சியை இப்படி உற்று உற்றுப் பார்க்கிறீர்களே, அதைப் பிடித்திருக்கும் கையையும் ஒருமுறை பாருங்கள்.